பெரியம்மாவுக்கு நான் கொடுத்த பயறு

பழிவாங்குவதற்கு ஒரு முகம் வேண்டும். எனக்கு அது அமையவில்லை. கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த விதைக்கடையில், புழு விழுந்த பருத்திச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு சண்டைக்கு வருகிற சம்சாரிகூட என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். நான் முறைத்தால் கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்பார்கள். மீசையை முறுக்கினால் யாருக்கோ கல்யாணம் என்று நினைப்பார்கள். இப்படி ஒருத்தன் தன் சொந்தப் பெரியம்மாவின் மேல் ஒரு வருஷம் கருவிக்கொண்டு திரிந்தான் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பமாட்டார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம்.

தொண்ணூறுகளின் பாதி தாண்டியிருந்தது. விளாத்திகுளம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். தினமும் மொபட்டில் கோவில்பட்டிக்குப் போய் வருவேன். மனைவி புதூர்ப் பக்கம். கல்யாணம் முடிந்து இரண்டாவது வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. என்னிடம் சொன்ன கையோடு, "இப்பம் யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் முதலாளிக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும், உரம் இறக்க வந்த லாரி டிரைவருக்குத் தெரியும். அந்த டிரைவர் மதுரைக்காரர். மதுரைக்கும் போயிருக்கும்.

ஊரில் சொல்ல வேண்டிய வேலையைப் பெரியம்மா பார்த்துக்கொண்டாள். அப்பாவின் அண்ணன் மனைவி. எங்களுக்கு எதிர்வீடு. என் கல்யாணத்துக்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் மாமியார் ஸ்தானத்தைப் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை. காலியாகக் கிடந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்ன சாப்பிடலாம், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கலாம், எந்த வேளையில் தலைக்குக் குளிக்கலாம் என்று அவள் போட்ட சட்டங்களுக்கு ஒரு வக்கீல் வைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி விதைப்பு நேரம். மழை ஒரு பாட்டம் பெய்து, கரிசல் மண் செருப்போடு ஆளையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது மனைவி அடுப்படியிலிருந்து மெதுவாக வந்தாள்.

"லேசா ரத்தம் படுது" என்றாள்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் பட்டது. அதற்குப் பிறகுதான் மொபட்டில் ஏறினோம். கோவில்பட்டி போகிற வரையில் நான் ஓட்டிய வேகத்தில் ஒரு வெள்ளாடு எங்களை முந்திப் போனது.

டாக்டரம்மா ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"துடிப்பு இல்லம்மா. இது இன்னைக்கு நின்னது இல்ல. வளர்ச்சி முந்தியே நின்னுருக்கு. உடம்புக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

மனைவி அழவில்லை. கேள்வி கேட்டாள். "மொபட்டுல வந்ததாலயா டாக்டர்?"

"இல்ல."

"நேத்து ரெண்டு குடம் தண்ணி தூக்குனேன்."

"அதுவும் இல்ல."

"இவிய தினமும் கடலைமிட்டாய் வாங்கிட்டு வருவாவ. சூடுன்னு அத்தை சொன்னாவ. கேக்காம தின்னுட்டேன்."

"நானும் தின்னுருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பிள்ளை பெத்துருக்கேன். இங்க பாரும்மா, கரு உருவாகும்போதே உள்ளுக்குள்ள சேர வேண்டியது சரியாச் சேரல. அப்படிச் சேராதது மேற்கொண்டு வளராது, நின்னுரும். முதல் மூணு மாசத்துக்குள்ள கலையறதுக்குப் பெரும்பாலும் இதான் காரணம். நீ செஞ்சதாலயும் இல்ல, செய்யாம விட்டதாலயும் இல்ல. நிறையப் பேருக்கு நடக்குது. யாரும் வெளிய சொல்றதில்ல. அதான் ஒனக்கு மட்டும் நடந்த மாதிரித் தெரியுது."

அந்த அறையில் நான்தான் விதைக்கடைக்காரன். எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. "டாக்டர், சரியாச் சேரலன்னா, அது யாரு பங்குல..." என்று இழுத்தேன்.

"ரெண்டு பேர் பாதியும் சேரும்போது எங்கயோ தப்பிருது. யாரு பாதின்னு தேடிக்கிட்டு வீட்டுக்குப் போகாதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து அடுக்கினார். காய்ச்சல் வந்தாலோ ரத்தப்போக்கு கூடினாலோ தாமதிக்காமல் வர வேண்டும். எல்லாம் வெளியேறிவிட்டதா என்று திரும்பவும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வீட்டுவிலக்கு ஒழுங்காக வந்து போகட்டும், அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் மனம் வந்தால் போதும். ஃபோலிக் மாத்திரையை அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும். "ஒண்ணு கலைஞ்சதால அடுத்ததும் கலையும்னு இல்ல. பெரும்பாலும் நல்லாவே நிக்கும்" என்று கடைசியாக மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னார்.

மனைவி அதைக் காதில் வாங்கினாளா என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் இருந்த காலண்டர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் பெரியம்மா. பக்கத்துவீட்டு மதினியும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். மதினி ஆடு வளர்க்கிற வீடு. கிடைக்குப் போகிற அவசரத்தில் கையில் தொரட்டியோடு நின்றாள்.

"மொபட்டுல ஏறாத, ஏறாதன்னு தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன்" என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, ரத்தம் பட்ட பெறகுதான் வண்டியில ஏறுனோம்."

"ஏலே, நீ சும்மா கெட. போன மாசம் எட்டயபுரத்துக்குப் போனீகள்ல. அப்ப ஆட்டுன ஆட்டம் இப்பந்தான் தெரியுது." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாள் என்றால், ரோட்டில் போகிறவருக்குக் கேட்காது, தெருவுக்குக் கேட்கும். "அவளையும் சொல்லிக் குத்தமில்ல. அவ கைவாகு அப்படி. கொல்லையில நட்ட முருங்கைப் போத்து தழைஞ்சுதா? எதுவும் தங்காத கை."

முருங்கையை நட்டது நான். தலைகீழாக நட்டிருந்தேன். விதைக்கடைக்காரன் மரியாதை போய்விடும் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு உரக்கச் சொன்னேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் எது சொன்னாலும் வேடிக்கைக்குச் சொல்லுதான் என்று எடுத்துக்கொள்வது ஊர் வழக்கம்.

டாக்டரம்மா அரை மணி நேரம் சொன்னது ஒரு காதில் நுழையவில்லை. பெரியம்மா சொன்ன மூன்று வார்த்தை நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மனைவி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். மதினி வீட்டில் ஆடு குட்டி போட்டபோது எல்லோரும் பார்க்கப் போனார்கள், அவள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றாள். வீட்டுவிலக்கு வந்து போனது, இன்னொரு தடவையும் வந்து போனது. மாத்திரை டப்பா திறக்காமலே அலமாரியில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"என்ன, இன்னொண்ணையும் கொல்லச் சொல்லுதீங்களா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கிப் பார்த்தேன். ஒரு பாக்கெட் விதையைப் போட்டால் எல்லாமா முளைக்கிறது, முளைக்காததற்கு மண்ணை யாராவது வைகிறார்களா என்றேன். "கடையில நின்னு கம்பெனிக்காரனுக்குப் பரிஞ்சு பேசுத மாதிரியே பேசுதீங்க" என்றாள். இதை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மதினி, "அப்பம் வெதையிலதான் கோளாறா கொழுந்தனாரே?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டாள். அந்தக் கேள்வியைப் பற்றியும் நான் யோசிக்காமல் இல்லை. அது இருக்கட்டும்.

பெரியம்மாவைப் பழிவாங்க நான் முதலில் எடுத்த முயற்சிகளைச் சொன்னால் வெட்கக்கேடு. அவள் கோழியை மஞ்சணத்தி மரத்தில் ஏற்றிவிட்டேன், தானாக இறங்கி வந்து எங்கள் வீட்டில் முட்டையிட்டது. விளாத்திகுளம் பஸ் போய்விட்டது என்று பொய் சொன்னேன். அன்றைக்குப் பார்த்து பஸ் தாமதமாக வந்து, அவளுக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்து, திரும்பி வந்து எனக்கு வாழைப்பழம் கொடுத்தாள். மனதுக்குள் அவளை நான் தினமும் கிணற்றில் தள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இல்லாததால் அதிலும் திருப்தி இல்லை.

பங்குனிப் பொங்கல் வந்தது. அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிற ஊர் எங்களுடையது. பரந்த சட்டியில் காய்ந்த சாணித்தூளும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைப் போட்டு, வெளிச்சம் படாத ஓர் அறையில் அடுக்கி வைப்பார்கள். ஊர்வலம் போகிற நாளில் முளை எல்லாம் வெளிர்மஞ்சளாக நெருக்கமாக நிற்கும். பாரி செழித்தால் வீடு செழிக்கும் என்று பேச்சு. அந்த அறைக்குள் ஆண்பிள்ளைக்கு வேலை இல்லை. ஊர்ப் பெண்கள் சார்பில் விரதம் இருந்து தண்ணீர் தெளிக்கிற உரிமை பெரியம்மாவுடையது. அவள் வீட்டு உள்ளறைதான் முளைப்பாரி அறை.

சட்டி கொடுக்கிற அன்று மனைவி தலைக்குக் குளித்துவிட்டு, புதுச் சட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனாள். அவளாகவே போனாள். ஐந்து மாதத்தில் அவளாக ஓர் இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. நான் வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா கதவு நிலையில் கையை வைத்து மறித்தாள். "ஏட்டி, நீ இந்த வருசம் வேண்டாம். வெளிய நின்னு கும்மி கொட்டு, யாரு வேண்டாங்கா. உள்ள வராத. எல்லார் பாரியும் தழைய வேண்டாமா?"

ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மனைவி திரும்பி வந்து, சட்டியைக் கொல்லையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரத்தலையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெட்கம் என்ற சாமான் அவள் கடையில் இருப்பு இல்லை.

"ஏலே, கோவில்பட்டியில நல்ல பயறாப் பாத்து ஒரு படி கொண்டா. இங்கன உள்ளதெல்லாம் வண்டு அடிச்சுக் கெடக்கு. எம் பாரி ஒசந்து நிக்கணும்."

"ஒங்களுக்குன்னு தனியாப் பொறுக்கிக் கொண்டாரேன் பெரியம்மா" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்புக்குள் இருந்ததைப் பார்க்க அவளுக்குக் கண் இல்லை.

முதலில் நல்ல பயறையே வாங்கி வந்து, மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, சட்டியில் போட்டு வறுத்தேன். உயிர் போக வேண்டும், நிறம் மாறக் கூடாது, அதுதான் திட்டம். வாழ்க்கையில் முதல்முறையாக அடுப்புப் பற்றவைத்தவன் நான். நிறம் மாறியது. அதோடு வாசம் கிளம்பியது. "என்ன கொழுந்தனாரே, பாசிப்பருப்புப் பாயசமா? யாருக்குப் பெறந்தநாளு?" என்று மதினி வேலியில் தலையை நீட்டினாள். ஆதாரத்தை அழிக்க வேறு வழியில்லாமல் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். நன்றாகவே இருந்தது.

மறுநாள்தான் மூளை வேலை செய்தது. கடையின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, விற்காமல் போன பயறு மூட்டை ஒன்று நாலைந்து கோடையை அங்கேயே கழித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்குப் போடலாம் என்று முதலாளி ஒதுக்கி வைத்தது; வீட்டில் மனைவியிடம்கூட அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கோவில்பட்டி வெயில் தகரத்தில் இறங்கினால் விதைக்குள் என்ன மிஞ்சும்? பார்ப்பதற்கு மட்டும் பளபளவென்று இருந்தது. ஈரச்சாக்கில் கொஞ்சம் முடிந்து வைத்துச் சோதித்தேன். நல்ல விதைக்கு நாங்கள் செய்கிற சோதனைதான். முளைக்கவில்லை என்றதும் சந்தோஷப்பட்ட முதல் விதைக்கடைக்காரன் நான்தான்.

பெரியம்மா ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். "நல்லாத் திடமா இருக்குலே. நீ நல்லா இருப்ப" என்று வாழ்த்தினாள்.

அறைக் கதவு சாத்தியாகிவிட்டது. சாயங்காலம் தெருவில் கும்மிச் சத்தம். நான் மதினியிடம் பேச்சுவாக்கில், "பெரியம்மா பாரி எப்படி வந்திருக்காம்?" என்று கேட்டேன்.

"பெரியம்மா பாரின்னு தனியா என்ன இருக்கு? எல்லாம் ஒரே மாதிரித்தான வரும்" என்றாள் மதினி.

"அவிய பயறு தனி இல்லையா? நான் கோவில்பட்டியிலருந்து..."

"கொண்டுவந்த பயறையெல்லாம் நார்ப்பெட்டியில மொத்தமாக் கொட்டி, ஒரு கிளறு கிளறித்தான் ஆளாளுக்கு அள்ளிக் குடுப்பாவ. வீடு வீடாப் பிரிச்சுப் போட்டா அம்மனுக்கு ஆகாதுல்லா. கொழுந்தனாருக்கு இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. அந்த அறையை எட்டிப் பார்த்திருந்தால் தெரியும். பாட்டன் காலத்திலிருந்து எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் முளைப்பாரிக்குப் பந்தல் போட்டிருக்கிறோம், குழாய் விளக்குக் கட்டியிருக்கிறோம், கொட்டு அடித்திருக்கிறோம். பயறு எப்படிச் சட்டிக்குப் போகிறது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. என் ஒரு படிச் செத்த பயறு ஊரிலுள்ள எல்லாச் சட்டியிலும் பிரிந்து கிடந்தது.

எனக்குப் பயம் பிடித்தது. அம்மனை நினைத்து இல்லை. அம்மன் நியாயம் தெரிந்தவள், எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் அவள் வரமாட்டாள். பாரி கெட்டுப்போனால் ஊர் யாரைப் பார்க்கும்? நிலைப்படிவரை போய்த் திரும்பியவளைத்தான் பார்க்கும். அவள் கண் பட்டது, ஏக்கம் பட்டது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெரியம்மாவுக்கு வெட்டிய குழியில் என் மனைவியைத் தள்ளிவிட்டேனோ என்ற நினைப்பில், கடையில் பருத்தி விதை கேட்டவருக்கு மிளகாய் விதையைக் கட்டிக் கொடுத்தேன்.

ஊர்வல நாள். கொட்டுச் சத்தத்தோடு பெண்கள் சட்டிகளைத் தலையில் ஏந்தி வரிசையாக வெளியே வந்தார்கள். ஒரு சட்டியில் இந்த ஓரம் முழ உயரத்துக்கு முளை நிற்கிறது, அந்த ஓரம் சாணித்தூள் தெரிகிறது. இன்னொன்றில் நடுவில் வட்டமாக வெறுமை. சுற்றிலும் கொஞ்சம், உச்சியில் ஒன்றுமில்லை. என் வழுக்கைத் தலை ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது.

கோயில் முன்னால் சட்டிகளை இறக்கி வைத்ததும் முணுமுணுப்புத் தொடங்கியது. "என்னைக்கும் இப்படி வந்ததில்லையே" என்றது ஒரு குரல். "எவளோ ஆகாத கண்ணு பட்டுருக்கு" என்றது இன்னொன்று. நான் நினைத்த மாதிரியே நாலைந்து தலைகள் வேப்பமரத்தடியில் தனியாக நின்ற என் மனைவியின் பக்கம் திரும்பின. பெரியம்மா தலையும் திரும்பியது. அவள் வாயைத் திறக்கவும் செய்தாள்.

மதினி முந்திக்கொண்டாள். "அவளை எதுக்குப் பாக்கீக? அவளைத்தான் படி மிதிக்க விடலையே. பயறைத் தொட்டாளா, சட்டியைத் தொட்டாளா? தொட்டது நாம. தண்ணி தெளிச்ச கை ஒரே கை."

திரும்பிய தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பெரியம்மாவின் கையைப் பார்த்தன. அவள் அந்தக் கையை முதலில் இடுப்பில் வைத்தாள். பிறகு முந்தானைக்குள் வைத்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பொம்பளை நிற்பதை அவ்வளவு நேரம் பார்த்து ரசித்தது பாவம் என்றால், அந்தப் பாவத்தை நான் ஆற அமர, அனுபவித்துச் செய்தேன். இப்போதும் சாப்பாடு செரிக்காத நாட்களில் அந்தக் காட்சியை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். செரித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னை உட்காரச் சொன்னாள்.

"அந்தத் தகரக் கூரைக்குக் கீழ கெடந்த மூட்டையா?"

நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரையை.

"மொகத்தப் பாத்தாலே தெரியுது. ஊர்வலத்துல எல்லாரும் மொகம் செத்து நிக்காவ, நீங்க மட்டும் தேங்காச்சில்லு திருடுன எலி மாதிரி நிக்கீக. எதுக்குச் செஞ்சீங்க?"

"ஒன்னைய மறிச்சாள்ல."

அவள் வாயை முந்தானையால் பொத்தினாள். அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கி வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு அந்தத் தண்ணீர் நிற்காமல் வேறாகிவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஐப்பசியில் அழ வேண்டியதைப் பங்குனியில் அழுதாள்.

அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "ஒரே சாணி, ஒரே தண்ணி, ஒரே இருட்டு. பாதி முளைச்சிருக்கு, பாதி முளைக்கல. அத்தை கை என்ன செய்யும் அதுக்கு?"

"அதத்தான் நானும் டாக்டரம்மாவும்..."

"நீங்க சொன்னா வேடிக்கை மாதிரி இருக்கு" என்றாள். "கண்ணால பாத்தாத்தான் புரியுது."

அடுத்து அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலை, ஊரே ஒதுக்கி வைத்த மாதிரி தனியாக உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"அத்தை, நீங்க மனசு விட்டுராதீங்க. ஒங்க கையில ஒண்ணுமில்ல. உள்ளுக்குள்ள சரியா உருவாகாதது, நீங்க என்னதான் தண்ணி தெளிச்சாலும் நிக்காது. நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாம விட்டதாலயும் இல்ல. எனக்கு டாக்டரம்மா சொன்னாவ."

டாக்டரம்மா சொன்னதை ஏறக்குறைய அப்படியே சொன்னாள். அன்றைக்குக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறாள். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்று தள்ளினால் கையில் குற்றம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஐப்பசியில் பேசியதை முழுங்க வேண்டும். என் ஒரு படிப் பயறால் செய்ய முடியாததை மனைவி நாலு வாக்கியத்தில் செய்துவிட்டாள்.

பெரியம்மா முழுங்கினாள். "ஆமா தாயி" என்றாள். குழாயடியிலும் கடைத்தெருவிலும் அதையே சொல்லித் திரிந்தாள்: "கையில என்னட்டி இருக்கு? உள்ளதுல சத்து இல்லன்னா எந்தக் கை என்ன செய்யும்? டாக்டரே சொல்லிருக்காவ." இதை அவள் சொல்லாத ஆள் இல்லை. தெருக்கோடியில் வாழ வந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கோடையில் இரண்டாம் மாதம் கலைந்தபோது, ஊர் வாயைத் திறக்கும் முன் பெரியம்மா போய், "நீ செஞ்சதால இல்லட்டி" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லவில்லை என்றால் முளைப்பாரிப் பழி அவள் கைக்கே திரும்பி வந்துவிடும்.

மாத்திரை டப்பாவை மனைவி திறந்தாள். நானும் என் பங்குக்கு ஒரு மாத்திரை கேட்டேன், தரவில்லை. சித்திரையில் இல்லை. வைகாசியில் நாலு நாள் தள்ளிப்போய், எங்களைக் குதிக்கவைத்துவிட்டு, ஐந்தாம் நாள் வந்துவிட்டது. இந்தத் தடவை அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "வந்திருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு இட்லிக்கு ஆட்டினாள். டாக்டரம்மாவிடம் போனோம். இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது, அவசரப்படாதீங்க என்று அனுப்பினார். "அவசரமெல்லாம் இவியளுக்குத்தான்" என்றாள். அது உண்மை. எனக்கு இரண்டு அவசரம் இருந்தது. ஒன்று பிள்ளை. இன்னொன்று, அந்தப் பிள்ளையை எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய்க் காட்டுவது.

ஆடியில் நாள் தள்ளிப்போய், அப்படியே தங்கியது. முதல் மூன்று மாதம் நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிச் சாமான் ஏற்றிய வண்டி மாதிரி நடந்தோம். ஒவ்வொரு தடவை அவள் கொல்லைக்குப் போய்த் திரும்பும்போதும் நான் முகத்தைப் பார்ப்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். அந்தச் சொல்லுக்காகவே கடையிலிருந்து பாதி நாளில் ஓடி வந்திருக்கிறேன். பயம் போகவில்லை. பயத்தோடு இருக்கப் பழகிக்கொண்டோம். ஸ்கேனில் துடிப்பைக் காட்டினார்கள். மினுக் மினுக்கென்று ஒரு புள்ளி. நான் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். டாக்டரம்மா, "என்ன, இன்னைக்கு ஜோக் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் சொல்லப்படாது" என்றாள் மனைவி, பஸ்ஸில் திரும்பி வரும்போது. "இந்தத் தடவை சொன்னா ஒங்களுக்கும் எனக்கும் பேச்சில்ல." கலைந்தால் ஊருக்கே திரும்பவும் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் என்று முதலில் நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் எதிர்வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதில் அவள் காட்டிய அக்கறையைப் பார்த்த பிறகுதான், எங்கள் வீட்டில் பழிவாங்கத் தெரிந்தவர் யார் என்பது எனக்கு விளங்கியது. பெரியம்மா கொடியில் காயும் துணியைப் பார்த்தே தெருவில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்கிறவள். மனைவி மாதாமாதம் அந்தந்த நாளில், சுத்தமான பழந்துணிகளை நனைத்துப் பிழிந்து, பெரியம்மா பார்க்கும்படி கொடியில் விரித்தாள். நான் உதட்டை ஊசியால் தைத்துக்கொண்ட மாதிரி கடையில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி எனக்குப் பல்வலி என்று நினைத்து கிராம்பு வாங்கிக் கொடுத்தார்.

மார்கழியில் ஒருநாள் மனைவி குனிந்து கோலம் போடும்போது பால்காரர் பார்த்துவிட்டார். பால்காரர் பார்த்தால் பால் போகிற வீட்டுக்கெல்லாம் போகும். வெயில் ஏறும் முன் பெரியம்மா எங்கள் வாசலில் நின்றாள். படிக்கு வெளியே நின்றாள்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு முடிஞ்சிருச்சு அத்தை" என்றாள் மனைவி.

"அஞ்சா." அவள் வயிற்றையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு யாருக்குத் தெரியும்?"

"டாக்டரம்மாவுக்குத் தெரியும். எங்க அம்மாவுக்கும் பக்கத்துவீட்டு அக்காவுக்கும் தெரியும். இன்னைக்குப் பால்காரருக்குத் தெரிஞ்சிருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஒரு வருஷமாக நான் பெரியம்மாவுக்குக் கொடுக்கப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். பத்துப் பதினைந்து இருக்கும், எல்லாம் கூர்தீட்டியது. வாயைத் திறந்தேன். மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்ககிட்டச் சொன்னா எனக்குப் பயமா இருக்கும் அத்தை. அதான் சொல்லல."

கோபம் இல்லை, கிண்டல் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். பெரியம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வளைகாப்புக்கு மொத வளையல் நான் போடணும்னு ஆசையா இருக்கு தாயி. போடலாமா?" என்று கேட்டாள். ஊர் முழுக்க யாரையும் அனுமதி கேட்காமல் வளையல் போட்ட கை.

"யோசிச்சுச் சொல்லுதேன் அத்தை" என்றாள் மனைவி.

அவள் நிதானமாக யோசித்தாள். தை பிறந்தும் யோசித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா தினமும் காலையில் வந்து படிக்கு வெளியே நின்று, "சாப்ட்டியாம்மா, கால் வீங்குதா" என்று விசாரித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிப் போவாள். வீட்டில் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் மனைவி உட்கார்ந்திருப்பாள். இன்னொன்றில் நான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். காலியாக எதுவும் கிடக்கவில்லை.